அப்டேட் நடுவில் கரண்ட் போய் ரவுட்டர் எழும்பவில்லை, மீட்க வழி இருக்கிறதா?

தம்பிலுவில்_ஐசிடி

வணக்கம். தம்பிலுவிலில் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஓ/எல் (சாதாரண தர) பிள்ளைகள் பதினான்கு பேருக்கு ஐசிடி என்ற கணினிப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். உள்ளே இருக்கிற சிம் ரவுட்டரின் வைஃபை விறாந்தைக்கு வந்து சேராது. அதனால் அண்ணன் கட்டாரிலிருந்து லீவுக்கு வந்தபோது வாங்கித் தந்த டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் ரவுட்டரைக் கேபிள் இழுத்து விறாந்தை மூலையில் வைத்திருந்தேன். நல்லாத்தான் வேலை செய்தது, இடைக்கிடை மட்டும் வைஃபை விழுந்து எழும்பும்.

அதைச் சரிப்படுத்தலாம் என்று வியாழன் பின்னேரம் புதிய பேர்ம்வெயரை (ரவுட்டருக்குள் ஓடுகிற மென்பொருளை) டவுன்லோட் செய்து, ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் அப்டேட் கொடுத்தேன். வெளியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, நான் அதை யோசிக்கவே இல்லை. கோடு பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் வந்தது. வந்த பிறகு ரவுட்டரைப் போட்டால் எல்லா விளக்கும் ஒருமுறை சேர்ந்து எரிகிறது, அணைகிறது, பிறகு பவர் விளக்கும் பல்சக்கரம் போட்ட விளக்கும் மட்டும் எரிந்தபடி நிற்கின்றன. முன்பு அந்தப் பல்சக்கர விளக்கு மினுக்கி மினுக்கி எரியும். இப்போது மினுக்குவதில்லை. வைஃபை பெயர் வருவதில்லை, கேபிள் போட்டு 192.168.0.1 அடித்தாலும் ஒன்றும் திறப்பதில்லை. ரீசெட் பட்டனை முப்பது செக்கன் அழுத்திப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

கடையொன்றில் காட்டினேன். வயரைச் செருகி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "போர்ட் போயிட்டு, புதுசு எடுங்க" என்றார்கள். மூடியைக்கூடத் திறக்கவில்லை. புதிது வாங்க இந்த மாதம் இயலாது, பிள்ளைகளுக்குச் சோதனை கிட்டக் கிட்ட வருகிறது. பின்பக்க ஸ்டிக்கரில் பதிப்பு 9 என்று இருக்கிறது. என்னிடம் லான் துளை உள்ள பழைய விண்டோஸ் லேப்டொப் ஒன்று உண்டு. இதை எழுப்ப முடியுமா, இல்லை கடைக்காரர் சொன்னதுதான் சரியா? பொறுமையாகச் செய்வேன், படிப்படியாகச் சொன்னால் போதும்.

அக்கரைப்பற்று_வயர்மேன்

தங்கச்சி, அதை எறிந்துவிடாதீர்கள். நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் போர்ட், அதாவது உள்ளே இருக்கிற பலகை, போகவில்லை, உள்ளே இருக்கிற மென்பொருள் பாதி எழுதினபடி நிற்கிறது, அவ்வளவுதான். இந்த 841 எத்தனையோ என் கையால் எழும்பியிருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விசயத்தைக் கழித்துவிடுவோம். அடப்டரைப் பாருங்கள், இந்தப் பதிப்புக்கு 9 வோல்ட், 0.6 அம்பியர். கரண்ட் போய் வரும்போது அடப்டரும் அடிபடும், வோல்ட் குறைந்தாலும் இப்படித்தான் பாதியில் நிற்கும். மல்ட்டிமீட்டர் உள்ள ஆள் யாராவது பக்கத்தில் இருந்தால் அளந்து பாருங்கள். முள் ஒத்துப்போகிறது என்று சிம் ரவுட்டரின் 12 வோல்ட் அடப்டரை எடுத்து இதில் குத்த வேண்டாம், அப்படிச் செய்து சுட்டுப்போனதைக் கண்டிருக்கிறேன்.

அடப்டர் சரியென்றால் கதை இதுதான். உங்கள் ரவுட்டருக்குள் 4 எம்பி பிளாஷ் சிப் ஒன்று இருக்கிறது, கணக்காகச் சொன்னால் 4194304 பைட். அதில் முதல் 131072 பைட் பூட்லோடர், அதாவது கரண்ட் வந்தவுடன் முதல் எழும்புகிற சின்னப் புரோகிராம். கடைசி 131072 பைட்டில் ஒரு பாதி உங்கள் செட்டிங், மறு பாதி அந்த ரவுட்டருக்கென்று பக்டரியில் அளந்து எழுதின வைஃபை ரேடியோ அளவுகள். நடுவில் மிஞ்சுகிற 3932160 பைட்டில்தான் பேர்ம்வெயர் இருக்கிறது. கரண்ட் போனபோது அநேகமாக இந்த நடுப்பகுதிதான் பாதியில் நின்றிருக்கும். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைகிறது என்கிறீர்களே, அது பூட்லோடர் உயிரோடு இருக்கிற அறிகுறி. அது எழும்பி அடுத்த ஆளைக் கூப்பிடுகிறது, அங்கே ஆள் அரைகுறையாகக் கிடப்பதால் நின்றுவிடுகிறது.

அந்தப் பூட்லோடருக்கு இன்னொரு வேலையும் தெரியும். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கரண்டைப் போட்டால், கேபிளுக்கு அந்தப் பக்கம் 192.168.0.66 என்ற முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று தேடி, இருந்தால் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள பைலை டிஎப்டிபி என்ற எளிய பைல் அனுப்பும் முறையில் கேட்கும். கிடைத்தால் தானாகவே நடுப்பகுதியில் எழுதிவிட்டு ரீஸ்டார்ட் ஆகும். நீங்கள் செய்ய வேண்டியது அந்த முகவரியில் அந்தப் பைலோடு காத்திருப்பதுதான்.

லேப்டொப்பில் டிஎப்டிபிடி64 என்ற இலவச புரோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள். வைஃபையை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் புரோகிராம் எந்தப் பக்கம் காது கொடுப்பது என்று குழம்பும். லான் அடப்டரின் செட்டிங்கில் ஐபி முகவரியைக் கையால் 192.168.0.66 என்றும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் கொடுங்கள், கேட்வே தேவையில்லை. மீட்பு நேரத்தில் ரவுட்டர் தனக்கு 192.168.0.86 என்று வைத்துக்கொள்ளும், அதை நீங்கள் தொட வேண்டியதில்லை.

பிறகு உங்கள் மாடல், உங்கள் பதிப்பு இரண்டுக்கும் உரிய பேர்ம்வெயரை டிபி-லிங்க் தளத்தில் எடுத்து, ஒரு வெறும் போல்டருக்குள் போட்டுப் பெயரை மாற்ற வேண்டும். போனில் தமிழில் தட்டுவதால் எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்: டபிள்யூ, ஆர், 841, என், வி, 9, அடிக்கோடு, டி, பி (டிபி-லிங்க் பெயரில் வருகிற அதே இரண்டு எழுத்து), அடிக்கோடு, பிறகு ரிக்கவரி என்ற ஆங்கிலச் சொல், புள்ளி, கடைசியில் பின் என்ற பைல் வால். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, இடையில் ஒரு ஸ்பேஸ்கூட வரக் கூடாது. டிஎப்டிபிடி64இல் அந்தப் போல்டரைக் காட்டிவிடுங்கள். கேபிளை மஞ்சள் லான் துளைகளில் முதலாவதில் குத்துங்கள், நீலத்தில் குத்தினால் நடக்காது. ரவுட்டரை நிறுத்தி, ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி பவரைப் போட்டு, டபிள்யூபிஎஸ் விளக்கு எரியும் வரை விரலை எடுக்காமல் இருங்கள். எரிந்தவுடன் விடுங்கள்.

பைல் போய் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் சிப்பில் எழுதிக்கொண்டிருக்கும். அந்த நேரம் தொடவே வேண்டாம். யூபிஎஸ் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கி ரவுட்டரை அதில் போடுங்கள். லேப்டொப்புக்குப் பற்றரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை.

கல்லடிப்_பாலத்தடி

வயர்மேன் காக்கா (அண்ணன்) சொன்னது எல்லாம் சரி. அக்கா, நீங்கள் பைலைப் போடுவதற்கு முன்னால் இதையும் வாசித்துவிடுங்கள், இதை யாரும் எனக்குச் சொல்லாததால் ஒரு ரவுட்டரை அடியோடு சாகடித்தவன் நான்.

டவுன்லோட் செய்த ஜிப் பைலை (சுருக்கிக் கட்டின பைலை) விரித்தால் உள்ளே வருகிற பின் பைலின் நீளமான பெயரைக் கவனியுங்கள். அதில் பூட் என்ற சொல் இருந்தால் அதற்குள் பேர்ம்வெயரோடு பூட்லோடரும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ரவுட்டரின் சொந்தப் பக்கத்தில் கொடுத்தால் அது பிரித்து எழுதத் தெரிந்தது, பிரச்சினை இல்லை. டிஎப்டிபி மீட்பு அப்படிப் பிரிக்காது, வந்ததை வந்தபடி நடுப்பகுதியின் தொடக்கத்திலிருந்து எழுதிவிடும். பேர்ம்வெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது பூட்லோடர் போய்க் குந்திக்கொள்ளும், வால் பக்கமும் இடம் காணாது.

பைலின் அளவைப் பாருங்கள், அது பெயரைவிட நம்பகமானது. 3932160 பைட் என்றால் அப்படியே பாவிக்கலாம், காக்கா சொன்ன நடுப்பகுதிக் கணக்கும் இதுவும் ஒன்றுதான். 4063744 என்றால் முன்னால் 131584 பைட் கூடுதலாக இருக்கிறது, அதாவது பூட்லோடர் 131072, அதற்கு மேல் 512 பைட் தலைப்பு. அதை வெட்ட வேண்டும். லினக்ஸ் வைத்திருந்தால் டிடி கட்டளையில் 512 பைட் துண்டுகளாக 257ஐத் தாண்டச் சொன்னால் முடிந்தது. விண்டோஸில் எச்எக்ஸ்டி என்ற ஹெக்ஸ் எடிட்டரில் (பைலைப் பைட் பைட்டாகத் திருத்துகிற புரோகிராமில்) திறந்து, தொடக்கத்திலிருந்து 131584 பைட்டைத் தெரிவு செய்து அழித்துவிட்டு வேறு பெயரில் சேமியுங்கள். வெட்டின பைலின் ஆரம்பத்தில் டிபி-லிங்க் டெக்னோலஜிஸ் என்ற ஆங்கில எழுத்துகள் வலப்பக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெட்டு பிசகிவிட்டது, மூலப் பைலை எடுத்துத் திரும்பச் செய்யுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் பைல் பெயரின் வாலை மறைத்து வைத்திருக்கும். நீங்கள் பெயர் மாற்றும்போது கடைசியில் புள்ளி பின் என்று தட்டினால் உள்ளே அது புள்ளி பின் புள்ளி பின் ஆகிவிடும், ரவுட்டர் கேட்கிற பெயர் அங்கே இருக்காது. போல்டரின் வியூ பகுதியில் பைல் வால்களைக் காட்டச் சொல்லிவிட்டு அதன் பிறகு பெயரை மாற்றுங்கள்.

அப்புறம், ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்றுப் பேர்ம்வெயரைப் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அது உயிர், ஆனால் இந்தப் பெட்டிக்கு வேண்டாம். 4 எம்பி பிளாஷ், 32 எம்பி ரம் (நினைவகம்) உள்ளவற்றை 19.07 தொடரோடு நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் பாவிக்கிற இடத்தில் பாதுகாப்புத் திருத்தம் வராத ஒன்றை வைப்பதைவிடக் கொம்பனி பேர்ம்வெயரின் கடைசிப் பதிப்பே மேல்.

தம்பிலுவில்_ஐசிடி

இரண்டு பேருக்கும் மிச்சம் நன்றி. முழு ஞாயிறும் இதோடுதான் இருந்தேன், இன்னும் எழும்பவில்லை. செய்ததை அப்படியே சொல்கிறேன், எங்கே பிழை என்று பாருங்கள்.

அடப்டரை அயலில் வயரிங் வேலை செய்கிற தம்பி ஒருவர் அளந்து தந்தார், 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது, சரி என்றார். பைலில் பூட் என்ற சொல் இருந்தது, அளவும் நீங்கள் சொன்ன 4063744 அச்சொட்டாக வந்தது. ஹெக்ஸ் எடிட்டரில் வெட்டினேன். முதல் தடவை 131072 மட்டும் வெட்டிவிட்டேன், எழுத்துத் தெரியவில்லை. இரண்டாவது தடவை 131584 வெட்டியதும் தெரிந்தது, அளவும் 3932160க்கு வந்தது. வாலைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பெயர் மாற்றினேன்.

ரீசெட்டைப் பிடித்தபடி பவர் போட்டேன். டபிள்யூபிஎஸ் விளக்கு எரிந்தது, அதைக் கண்டவுடன் எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாக. ஆனால் டிஎப்டிபிடி64இன் லொக் பக்கத்தில் ஒரு வரிகூட வரவில்லை. பத்துப் பன்னிரண்டு தடவை செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிகிறது, கொஞ்ச நேரத்தில் பழையபடி இரண்டு விளக்கில் வந்து நிற்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன், ரவுட்டரை நிறுத்தும்போது டிஎப்டிபிடி64இன் மேலே உள்ள பட்டியலில் 192.168.0.66 காணாமல் போய், 127.0.0.1 மட்டும் நிற்கிறது. பிறகு திரும்பி வருகிறது. அது வழமையா?

அக்கரைப்பற்று_வயர்மேன்

டபிள்யூபிஎஸ் விளக்கு எரிந்ததென்றால் பூட்லோடர் உயிரோடு இருப்பது உறுதி, அந்தக் கவலையை விடுங்கள். விண்டோஸ் பயர்வோலை நிறுத்தினீர்களா? டிஎப்டிபி பாவிக்கிற யூடிபி 69ஆம் போர்ட்டில் (லேப்டொப்பின் நெட்வேர்க் வாசல் எண்ணில்) வருகிற கேள்வியை அது சத்தமில்லாமல் தடுத்துவிடும், லொக்கில் ஒன்றும் வராததற்கு முதல் சந்தேகம் அதுதான். வேலை முடியும் வரை பப்ளிக், பிரைவேட் இரண்டு பக்கமும் நிறுத்துங்கள். அன்டிவைரஸ் ஏதாவது இருந்தால் அதற்கும் சொந்தப் பயர்வோல் இருக்கும், அதையும் பாருங்கள்.

மருதமுனை_தறி

பயர்வோலைக் கட்டாயம் நிறுத்துங்கள் டீச்சர், ஆனால் உங்கள் பிரச்சினை அது மட்டும் அல்ல. முகவரி பட்டியலிலிருந்து காணாமல் போகிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது.

லேப்டொப்பையும் ரவுட்டரையும் ஒரே கேபிளால் நேரடியாகப் பிணைத்திருக்கிறீர்கள். ரவுட்டரை நிறுத்தினவுடன் கேபிளின் மறுபக்கம் செத்துவிடுகிறது, விண்டோஸ் "கேபிள் கழன்றுவிட்டது" என்று நினைத்து நீங்கள் கையால் கொடுத்த முகவரியையும் தூக்கி வைத்துவிடுகிறது. பவர் போட்டதும் இரண்டு பக்கமும் வேகம் பேசி இணைய வேண்டும், பிறகு விண்டோஸ் இந்த முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் அதைத் திரும்பப் பாவிக்கும். இதற்கெல்லாம் சில செக்கன் போகும். ரவுட்டரின் பூட்லோடரோ அந்தச் சில செக்கனுக்குள்தான் 192.168.0.66 எங்கே என்று கேட்கிறது. கேட்டுப் பார்த்து, பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு வழமையான வழியில் எழும்பப் பார்க்கிறது. அது கூப்பிடும்போது உங்கள் லேப்டொப் இன்னும் எழும்பியிருக்காது, லேப்டொப் எழும்பும்போது அது கூப்பிட்டு முடித்திருக்கும். எத்தனை தடவை செய்தாலும் இப்படித்தான் சந்திக்காமல் தப்பிக்கொண்டே இருப்பார்கள்.

நடுவில் ஒரு சின்ன நெட்வேர்க் ஸ்விட்ச் வையுங்கள், ஐந்து துளை உள்ள மலிவானது போதும். லேப்டொப் ஸ்விட்சுக்கு, ஸ்விட்ச் ரவுட்டருக்கு. ரவுட்டர் நின்றாலும் ஸ்விட்ச் உயிரோடு இருப்பதால் லேப்டொப்பின் பக்கம் கேபிள் கழன்றதாகத் தெரியாது, 192.168.0.66 அசையாமல் நிற்கும். ஸ்விட்ச் இல்லாவிட்டால் நல்லா வேலை செய்கிற பழைய ரவுட்டர் ஏதாவது இருந்தால் அதன் லான் துளைகள் இரண்டையும் ஸ்விட்சாகப் பாவிக்கலாம். உங்கள் சிம் ரவுட்டரிலும் இரண்டு லான் துளை இருந்தால் அதுவே போதும், அந்த நேரம் வேறு எவரும் அதில் கேபிளால் பிணைந்திருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க விருப்பமென்றால் லேப்டொப்பில் வயர்ஷார்க் (கேபிளில் போய்வருகிறதைக் காட்டும் புரோகிராம்) போட்டு லான் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். "192.168.0.66 யாரிடம் இருக்கிறது, 192.168.0.86க்குச் சொல்லுங்கள்" என்ற கேள்வி வந்து விழும். அந்த வரி வந்தும் பைல் போகவில்லையென்றால் பயர்வோல் அல்லது பைல் பெயர். அந்த வரியே வரவில்லையென்றால் கேபிள் அல்லது நேரம். எங்கள் ஊரில் நூல் அறுந்தால் தறியை நிறுத்தி எந்த இழை என்று தேடித்தான் முடிவார்கள், குருட்டுத்தனமாகத் திரும்பத் திரும்ப ஓட்டமாட்டார்கள். உங்கள் பன்னிரண்டு தடவையை வாசித்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

வாழைச்சேனை_மீனவன்மகன்

இதே மாதிரி ஒன்று என்னிடமும் கிடக்கிறது, அதே 841, அதே பதிப்பு 9. ஆனால் எனக்கு ரீசெட்டைப் பிடித்தால் டபிள்யூபிஎஸ் விளக்கு எரிவதே இல்லை. பவர் விளக்கு மட்டும். இதற்கும் வழி உண்டா அண்ணன்மார்? கூட்டாளி ஒருவன் வேறு மாடல் பேர்ம்வெயரை ஏற்றினதில் இருந்துதான் இப்படி.

மருதமுனை_தறி

வழி உண்டு தம்பி, ஆனால் மூடியைத் திறக்க வேண்டும், ஈயம் வைக்கப் பழகின கை வேண்டும்.

முதலில் சீரியல் இணைப்பில், அதாவது ரவுட்டர் எழும்பும்போது வெளிவிடுகிற எழுத்துகளை வயரால் லேப்டொப்பில் வாசித்துப் பார்க்கலாம். யூஎஸ்பி-டிடிஎல் மாற்றி என்று ஒரு சின்னப் பலகை, சிபி2102 அல்லது சிஎச்340 சிப் போட்டது. 3.3 வோல்ட்டில் வைக்க வேண்டும், 5இல் வைத்தால் ரவுட்டரின் சிப் போய்விடும். தரை, அனுப்பும் வயர், வாங்கும் வயர் மூன்றையும் மட்டும் பிணையுங்கள், வோல்ட் காலைப் பிணைக்க வேண்டாம், ரவுட்டர் தன் அடப்டரிலேயே ஓடட்டும். வேகம் 115200. பவர் போட்டதும் திரையில் ஏதாவது எழுத்து ஓடினால் பூட்லோடர் இருக்கிறது. தானாக எழும்பப் போகிறேன் என்று ஒரு செக்கன் எண்ணும், அதற்குள் டி, பி, எல் (டிபி-லிங்க் பெயரின் முதல் மூன்று எழுத்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில்) என்ற மூன்றையும் தட்டினால் உள்ளே விடும். அங்கிருந்து பைலை வாங்கி நீங்களே எழுதலாம். அழிக்கிற கட்டளையில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிபாருங்கள். தொடக்கம் சிப்பின் முதல் பைட்டாக இருக்கக் கூடாது, 131072 பைட் தள்ளித்தான் ஆரம்பிக்க வேண்டும். முதலிலிருந்து அழித்தால் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற பூட்லோடரையே அழித்துவிடுவீர்கள்.

ஒரு எழுத்தும் ஓடவில்லையென்றால் பூட்லோடரே போய்விட்டது. அப்போது சிஎச்341ஏ என்ற புரோகிராமரால் எட்டுக் கால் பிளாஷ் சிப்பை நேரடியாக எழுத வேண்டும். மலிவாகக் கிடைக்கிற கறுப்புப் பலகைகளில் வோல்ட் கால் 3.3 என்றாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும், அளந்து பார்க்காமல் பிணைக்க வேண்டாம்.

எழுதுவதற்கு முன்னால் சிப்பில் இப்போது இருப்பதை முழுதாக வாசித்துச் சேமியுங்கள். இரண்டு தடவை வாசித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள், சிப்பின் கால்களைப் பிடிக்கிற கிளிப் சரியாகக் கவ்வாவிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வரும். கடைசி 65536 பைட் உங்கள் ரவுட்டருக்கென்றே அளந்த ரேடியோ அளவுகள், அதை எந்தத் தளத்திலும் டவுன்லோட் செய்ய முடியாது. மற்றவரின் சிப்பிலிருந்து வாசித்த முழு நகலை (டம்ப்பை) எடுத்து அப்படியே எழுதிவிட்டு, "எழும்பிட்டு, ஆனா வைஃபை பத்தடிக்கு மேல போகுதில்ல" என்று வருகிறவர்கள் எல்லாம் இதைத் தொலைத்தவர்கள்தான். பூட்லோடர் பகுதிக்குள் மேக் முகவரியும் (ஒவ்வொரு பெட்டிக்கும் தனியான அடையாள எண்) இருக்கிறது. இன்னொருவருடையதை எழுதினால் இரண்டு பெட்டிக்கும் ஒரே மேக், ஒரே நெட்வேர்க்கில் இரண்டும் சேர்ந்தால் முட்டிக்கொள்ளும். உங்கள் ஸ்டிக்கரில் உள்ளதைப் பார்த்து ஹெக்ஸ் எடிட்டரில் திருத்தி எழுதுங்கள்.

உங்கள் கூட்டாளி வேறு மாடலுக்குரியதை ஏற்றினதால் கடைசிப் பகுதியும் அழிந்திருக்கலாம். வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த 65536 பைட்டும் வெறும் எஃப்எஃப் (அழிக்கப்பட்ட இடத்தின் அடையாளம்) ஆகவே வந்தால் எனக்கு எழுதுங்கள், அதன் பிறகு யோசிப்போம்.

கல்லடிப்_பாலத்தடி

மீனவன்மகன், கடற்கரை வீடு என்றால் மூடியைத் திறந்ததும் முதலில் துருவைப் பாருங்கள். உப்புக் காத்துக்கு லான் துளைகளின் கால்களும் பவர் குத்துகிற இடமும் பச்சை பிடித்துக் கிடக்கும். எங்கள் கல்லடியில் வருகிற பெட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஐசோபுரொப்பைல் அல்கஹோலும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும், நல்லாக் காய்ந்த பிறகு பவர் கொடுங்கள்.

தம்பிலுவில்_ஐசிடி

எழும்பிட்டு!!! எழும்பிட்டு காக்கா, எழும்பிட்டு மருதமுனை அண்ணன்!

இன்று பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன், எனக்குப் பிறகு தேடி வருகிறவர்களுக்கு உதவும். என் சிம் ரவுட்டரில் ஒரு லான் துளைதான். பக்கத்து முன்பள்ளியில் கேட்டதில் பழைய ஐந்து துளை ஸ்விட்ச் ஒன்றை எடுத்துத் தந்தார்கள், அதுவும் தூசி பிடித்து அலுமாரிக்கு மேலே கிடந்ததாம். யூபிஎஸ் கிடைக்கவில்லை, மழை விட்டு வெயில் எறித்த நேரமாகப் பார்த்துச் செய்தேன். பயர்வோலை இரண்டு பக்கமும் நிறுத்தினேன், அன்டிவைரஸையும்.

வகுப்புக்கு வந்த பிள்ளைகளை அனுப்பிவிட மனமில்லை, சுற்றி இருத்திக்கொண்டுதான் செய்தேன். வயர்ஷார்க்கைத் திறந்து வைத்திருந்தேன். பவர் போட்டு விளக்கு எரிந்ததும் அந்தக் கேள்வி வரி வந்து விழுந்தது, 192.168.0.66 யாரிடம் என்று. உடனே லேப்டொப் பதில் சொன்னது. ஐபி முகவரி பாடத்தில் நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுச் சொல்லிக் கொடுத்ததை இன்றுதான் அவர்கள் நடக்கிறபடி கண்டார்கள். பிறகு டிஎப்டிபிடி64இல் கோடு ஓடத் தொடங்கியது. ஒரு சில செக்கன்தான், 3932160 பைட் போய்விட்டது, 7681 துண்டு என்று லொக்கில் விழுந்தது. ஒரு பிள்ளை உடனே கல்குலேட்டரில் 512ஆல் வகுத்துவிட்டு "டீச்சர், 7680 தானே வரணும், ஒன்று எப்படிக் கூடியது" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது சொன்னால் அவளிடம் சொல்ல வேண்டும்.

எழுதுகிற அந்த இரண்டு நிமிடமும் ஒருவரும் மூச்சு விடவில்லை. தானாக எல்லா விளக்கும் அணைந்து எரிந்து, பல்சக்கரம் மினுக்கத் தொடங்கியது. 192.168.0.1 திறந்தது, பழைய செட்டிங் எதுவும் இல்லை, அட்மின் அட்மின் என்றே உள்ளே போனது. முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

இனி விறாந்தையில் முன்பு போல வைக்க வேண்டும். முன்பு அண்ணன்தான் செட் பண்ணித் தந்தார். சிம் ரவுட்டரின் பக்கம் 192.168.8.1 என்று திறக்கிறது. கேபிளை எந்தத் துளையில் குத்த?

அக்கரைப்பற்று_வயர்மேன்

அல்ஹம்துலில்லாஹ், சந்தோசம் தங்கச்சி.

841இன் லான் முகவரியை முதலில் 192.168.8.2 என்று மாற்றிச் சேமியுங்கள், அது ரீஸ்டார்ட் ஆகும். லேப்டொப்பில் கையால் கொடுத்த முகவரியை எடுத்துவிட்டுத் தானாக வாங்கும்படி வையுங்கள், இதை மறந்துவிட்டு நெட் வேலை செய்யவில்லை என்று ஒரு நாள் முழுக்கத் தேடுவார்கள். புதிய முகவரியில் உள்ளே போய் டிஎச்சிபியை நிறுத்துங்கள், முகவரி கொடுக்கிற வேலையை சிம் ரவுட்டர் மட்டும் பார்க்கட்டும், இரண்டு பேர் கொடுத்தால் பிள்ளைகளின் போன்களில் பாதி நெட் இல்லாமல் நிற்கும். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், டபிள்யூபிஏ2 எல்லாம் போட்ட பிறகு, சிம் ரவுட்டரிலிருந்து வருகிற கேபிளை மஞ்சள் லான் துளை ஒன்றில் குத்துங்கள். நீலம் வெறுமையாகவே கிடக்கட்டும். பயர்வோலைத் திரும்பப் போட்டீர்களா?

மருதமுனை_தறி

அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள் டீச்சர், நல்ல கேள்வி. டிஎப்டிபியில் பைல் முடிந்துவிட்டது என்று தனியாக ஒரு செய்தி கிடையாது. 512 பைட்டுக்குக் குறைந்த ஒரு துண்டு வந்தால் அதுதான் கடைசி என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். உங்கள் பைல் 512ஆல் மீதியில்லாமல் பிரிகிறது, 7680 துண்டும் முழுத்துண்டுதான், முடிந்ததை எப்படித் தெரிவிப்பது? அதனால் ஒரு பைட்கூட இல்லாத வெறும் துண்டு ஒன்றைக் கடைசியில் அனுப்புகிறது. அதுதான் 7681.

தம்பிலுவில்_ஐசிடி

பயர்வோல் போட்டாச்சு காக்கா. நீங்கள் சொன்னபடி மஞ்சளில் குத்தினேன், விறாந்தையில் எல்லாப் போனிலும் நெட் வருகிறது. வெட்டின பைலையும் வெட்டாத பைலையும் பெயர் எழுதி ஒரு பென்டிரைவில் போட்டு ரவுட்டரோடு சேர்த்து டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். 7681இன் விளக்கத்தை நாளைக்கு அவளையே பலகையில் எழுதி மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்கிறேன். ஸ்விட்சைத் துடைத்து முன்பள்ளிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மீனவன்மகன் தம்பி, உங்களுடையது எழும்பினால் இங்கே எழுதுங்கள்.